எம்சிடி ஸ்லைடு + கோகிட்டோ ஆப்: டே கேர்ல யூஸ் பண்ணிப் பாத்த ரிவ்யூ

மார்க்கை முதல்லயே போட்டுடறேன். எம்சிடிங்கறது தன் யோசனையைத் தானே சோதிச்சுப் பாக்கக் கத்துக்குடுக்கற குரூப் பயிற்சி, அதுக்கான ஸ்லைடுக்கு அஞ்சுக்கு நாலரை; கோகிட்டோங்கற மனநல போன் ஆப்புக்கு மூணு. ரெண்டும் ஜெர்மனில ஒரே ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுதான், ஆனா ரெண்டும் செய்யற வேலை வேற வேற. அது தெரியாம ஆப்பை மட்டும் போன்ல ஏத்திக் குடுத்துட்டு "ஒண்ணும் மாற்றமே தெரியல மேடம்"னு வர்ற குடும்பங்க நெறைய, அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

நான் வேலை பாக்கறது ஒரு மனநல மறுவாழ்வு டே கேர்ல. வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஸ்கிசோஃப்ரினியா உள்ளவங்க, மாத்திரை ஒழுங்கா போட்டு குரல் கேக்கறது, சந்தேகப்படறதெல்லாம் ஓரளவு அடங்கினவங்க. ஆனா ஒரு விஷயம் மட்டும் மாத்திரைக்கு மசியாம அப்படியே நிக்கும். ஒருத்தர் "பேங்க் வேலை, கடை கணக்கு எல்லாம் நானே பாத்துப்பேன்"னு அடிச்சு சொல்வார், சலான் குடுத்தா பாதில வெச்சுட்டு எழுந்துடுவார், கேட்டா முடிச்சுட்டேன்னுதான் சொல்வார், பொய் சொல்லல, நிஜமாவே முடிச்சதா நம்பறார். இன்னொரு அம்மா எல்லாத்தையும் கச்சிதமா செஞ்சுட்டு "எனக்கு எதுவும் வரலப்பா"ன்னு ஓரமா உக்காந்துக்குவாங்க. வீட்ல முதல் ஆளுக்கு திமிருன்னு பேரு, ரெண்டாவது ஆளுக்கு சோம்பேறின்னு பேரு. தான் செஞ்சது எப்படி இருக்குன்னு தானே கணிக்கற திறமை நோயில அடிபட்டிருக்கு, அவ்ளோதான் விஷயம். உப்பு பாக்காம பரிமாறற மாதிரி.

எம்சிடின்னா மெட்டாகாக்னிட்டிவ் ட்ரெயினிங். ஹாம்பர்க் எப்பன்டார்ஃப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரில ஸ்டெஃபன் மோரிட்ஸ், கனடாவோட டாட் வுட்வர்ட் ரெண்டு பேரும் சேர்ந்து உருவாக்கினது. காசு கிடையாது, ஸ்லைடு எல்லாம் அவங்க வெப்சைட்லயே டவுன்லோடு பண்ணிக்கலாம், பல மொழில இருக்கு, நான் எடுத்தது இங்கிலீஷ், அதை நானே பேச்சுத் தமிழ்ல சொல்லி நடத்தறேன். மூணுலேர்ந்து பத்து பேர் வரைக்கும் ஒரு குரூப்பு, முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம். அடிப்படையா எட்டு மாட்யூல், அதுல ரெண்டு அவசரக்குடுக்கைத்தனத்துக்குன்னே, அதாவது ஆதாரம் பத்தாமலே முடிவு கட்டறதுக்குன்னே ஒதுக்கினது.

அந்த அவசரக்குடுக்கை மேட்டர் சும்மா வந்தது இல்ல. 1988ல லண்டன்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ரெண்டு ஜாடி, ஒண்ணுல ஒரு கலர் மணி 85, இன்னொரு கலர் 15, அடுத்த ஜாடில அப்படியே உல்டா. எந்த ஜாடியிலேர்ந்து எடுக்கறாங்கன்னு சொல்லாம ஒவ்வொரு மணியா எடுத்துக் காட்டுவாங்க, எது எந்த ஜாடின்னு நீங்க சொல்லணும், எத்தனை மணி வேணா கேட்டு வாங்கலாம். மாயநம்பிக்கை, அதாவது நிஜத்துல இல்லாததை அடிச்சு நம்பறது, இருக்கறவங்கள்ல நெறைய பேரு ஒண்ணு ரெண்டு மணியிலயே முடிவு பண்ணிட்டாங்க. ஸ்லைடுல இதையே படமா வெச்சிருக்காங்க, கோடு கோடா ஒரு உருவம் கொஞ்சம் கொஞ்சமா முழுசாகும், எந்த இடத்துல "இதுதான்"னு கத்தறோம்ங்கறதுதான் பாடம். நானும் சீக்கிரமே கத்தற ஆளுதான், குரூப்புல ஒரே சிரிப்பு.

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது ஞாபக மாட்யூல். கடற்கரை மாதிரி ஒரு படம் காட்டுவாங்க, அப்புறம் அதுல என்னென்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க. படத்துல இல்லாத சாமானைக்கூட பீச்சுன்னா இருக்கும்தானேன்னு நம்ம மூளையே சேத்துக்கும். விஷயம் என்னன்னா பதிலோட நிக்க விடமாட்டாங்க, "எவ்ளோ உறுதியா சொல்றீங்க"ன்னு அடுத்த கேள்வி வரும். மோரிட்ஸ் ஆளுங்க முன்னாடியே கண்டுபுடிச்சது, ஸ்கிசோஃப்ரினியால தப்பு பண்றது கூட இருக்கலாம், ஆனா அதைவிட தப்பான பதில்ல உறுதி ஜாஸ்தியாவும் சரியான பதில்ல உறுதி கம்மியாவும் இருக்கறதுதான் சிக்கல். மேல சொன்ன ரெண்டு ஆளும் இதுக்குள்ள வந்துட்டாங்க பாருங்க.

கண்ணால் காண்பதும் பொய்னு பழமொழி வரும்ல, அதை ஒருநாள் ஒருத்தர் எடுத்துவிட்டார், "காதால் கேட்பதும் பொய்"னு வந்ததும் பக்கத்துல இருந்தவர் "அது எங்களுக்குன்னே எழுதினது மேடம்"ன்னார். இந்த மாதிரி சிரிக்க முடியறதுக்கே இந்த கிட்டுக்கு மார்க் போடலாம், ஏன்னா எந்த ஸ்லைடும் "உன் நம்பிக்கை தப்பு"ன்னு மூஞ்சில அடிக்காது, எல்லா மனுஷனும் இப்படித்தான், கொஞ்சம் கூட கொறச்சல்னு தோள்ல கைபோட்டு பேசும்.

கூடவே ரெண்டு கார்டு தருவாங்க. மஞ்சள் கார்டுல மூணு கேள்வி: ஆதாரம் என்ன, வேற விதமா யோசிக்க முடியுமா, அப்படியே இருந்தாலும் நான் ரொம்ப ஓவரா ரியாக்ட் பண்றேனா. சிவப்பு கார்டு ஆத்திர அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு எழுதி வெச்சுக்க. பர்ஸ்ல வெச்ச கார்டு என்னிக்கு வெளிய வந்திருக்கு, போன்தான் கையிலயே இருக்கு, இங்கதான் கோகிட்டோ உள்ள வருது.

கோகிட்டோ அதே ஹாம்பர்க் டீமோட ஆப். இலவசம், விளம்பரம் இல்ல, நடுவுல காசு கேக்காது. டெய்லி ரிமைண்டர் அனுப்பும், ஒரு சின்னப் பயிற்சி வரும், சில நிமிஷத்துல முடிஞ்சிடும். நம்மளே பயிற்சி எழுதி சேக்கலாம், நம்ம போட்டோவும் போட்டுக்கலாம், இந்த வசதிக்காகவே வெச்சிருக்கேன். மஞ்சள் கார்டோட மூணு கேள்வியையும் தமிழ்ல டைப் பண்ணி ஏத்திட்டோம், "பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பத்திதான் பேசறார்"னு தோணற சாயந்திர நேரத்துக்கு சரியா டிங்குன்னு வர மாதிரி.

அப்புறம் ஏன் மூணுதான்னு கேப்பீங்க. இந்த ஆப் ஞாபகப்படுத்தும், அளக்காது. பயிற்சி செஞ்சீங்களான்னு கேக்குமே தவிர உங்க கணிப்பு நிஜத்துக்கு எவ்ளோ பக்கத்துல இருந்துச்சுன்னு காட்டற வேலை அதுல இல்ல. பொதுமக்களுக்கான மனநல ஆப்பா அது ஓகே, ஆனா தன்னைத்தானே கணிக்கற திறமையை வளக்கணும்னா அந்த இடைவெளியை கண்ணுல காட்டாம எப்படி.

அதைச் செய்யறது அமெரிக்காக்காரங்களோட ஐடெஸ்ட் ஆப். சான் டியாகோ காலின் டெப், மயாமி பிலிப் ஹார்வி, டல்லாஸ் ஏமி பிங்க்கம், இதுக்குப் பின்னாடி இருக்கற மூணு பேருமே இந்த சுயகணிப்பு விஷயத்துல ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்றவங்க. போன்லயே சின்னச் சின்ன ஞாபக டெஸ்ட், முடிச்சதும் ஸ்கோரைக் காட்டறதுக்கு முன்னாடி "எவ்ளோ சரியா செஞ்சிருப்பே"ன்னு கேக்கும், அப்புறம் நிஜ ஸ்கோர். ஜெயிக்கறது ஸ்கோர் எடுக்கறவர் இல்ல, சரியா கணிக்கறவர். பத்துக்கு நாலு எடுத்துட்டு நாலுன்னே சொன்னா அது நல்ல நாள். இந்த ஐடியா எனக்கு அவ்ளோ புடிச்சுப்போச்சு, ஆராய்ச்சிக்கு செஞ்ச ஆப் கைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு சாதா மெமரி கேம் ஒண்ணை போன்ல போட்டு, முடிஞ்சதும் ஸ்க்ரீனை கையால மறைச்சுக்கிட்டு முதல்ல ஒரு நம்பர் நோட்டுல எழுதச் சொல்றேன். சலான்காரர் ஆரம்பத்துல எல்லாத்துக்கும் பத்துன்னுதான் எழுதினார். இப்ப பேனாவை எடுத்துட்டு கொஞ்சம் யோசிக்கறார், எட்டுன்னு எழுதறார், இன்னும் தூரம்தான், ஆனா யோசிக்கறார்.

ஒரு எச்சரிக்கை கண்டிப்பா சொல்லணும். இந்த ஐடெஸ்ட் ஆளுங்க ஆராய்ச்சிலயே வந்த விஷயம், லேசா மனசு சோர்ந்திருக்கறவங்கதான் தன்னைப் பத்தி சரியா கணிக்கறாங்க. அதாவது கணிப்பு சரியாக ஆக "நான் இவ்ளோ கீழ இருக்கேனா"ன்னு மனசு விழற ஆபத்தும் இருக்கு. அதனால போனைக் குடுத்துட்டு நீங்க சீரியல் பாக்கப் போயிடாதீங்க, பக்கத்துல ஒரு ஆள் வேணும், குறைச்சு மதிப்பிடற ஆளுக்கு "நீ எழுதினது அஞ்சு, எடுத்தது ஒம்போது பாரு"ன்னு சொல்லவும் அதே ஆள்தான் வேணும். அந்த ஓரமா உக்கார்ற அம்மாவுக்கு இதுதான் வேலை செஞ்சுது.

பலன் உண்டான்னா, 2022ல எம்சிடி பத்தின 43 ஆய்வை, 1,800க்கு மேல ஆளுங்களை வெச்சு ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, மாயநம்பிக்கை, குரல் ரெண்டும் ஓரளவு குறையுது, ஒரு வருஷம் வரைக்கும் அது நிக்குதுன்னு வந்துது. ஓரளவுதான், அற்புதம் ஒண்ணும் இல்ல. மாத்திரையை நிறுத்திட்டு இதை ஆரம்பிக்கறேன்னு யாராவது சொன்னா முதல் ஆளா நானே டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துடுவேன்.

புதுசா ஆரம்பிக்கறவங்க ஞாபக மாட்யூல்லேர்ந்து தொடங்குங்க, அவசரக்குடுக்கை மாட்யூலை எடுத்த எடுப்புல போட்டா சில பேர் தன்னைத்தான் குத்திக் காட்டறாங்கன்னு எழுந்து போயிடறாங்க. ஆப்ல ரிமைண்டர் நேரத்தை அவங்களையே வைக்கச் சொல்லுங்க, சந்தேகம் ஜாஸ்தியா இருக்கற ஆளோட போன்ல கேக்காம எதையும் ஏத்தாதீங்க.