பெருமாள் ஏரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லி ₹18,600 ஏமாற்றிவிட்டார்கள். தயவுசெய்து படியுங்கள்

போன சனிக்கிழமை நடந்தது இது. இன்றைக்குப் புதன். நாலு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. புதுச்சேரியில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசுட்டேரியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்குப் பல வருடம் முன்னாலிருந்தே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். பார்த்த பறவையையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பார். முட்டி அறுவைசிகிச்சைக்கு அப்புறம் இரண்டு வருடமாக எங்கேயும் போகவில்லை. அவருடைய அம்மா ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். சின்ன வயதில் பெருமாள் ஏரிக்கரையில் நடந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "ஒரு தடவை அந்த ஏரியப் பாத்துட்டு வந்துடணும்மா" என்று பொங்கலன்று சொன்னார். அங்கே இப்போது எங்களுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் சமூக வலைத்தளத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இயற்கைச் சுற்றுலா நடத்துகிற சின்ன குழு. பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. வெளியாட்களுக்குத் தெரியாத ஏரி, விடியற்காலையில் படகு, பறவைகளை அறிந்த வழிகாட்டி, ஆளுக்கொரு பைனாகுலர், மதியம் ஏரி மீன் குழம்போடு கிராமத்துச் சாப்பாடு, குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிற தறி, ராத்திரி தெருக்கூத்து, கூடாரத்தில் தங்கல். நாலு பேருக்கு ₹18,600.

நான் உடனே பணம் கட்டவில்லை, போன் போட்டுப் பேசினேன். எடுத்தவர் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். அப்பா பறவை பார்ப்பவர் என்றதும் குரலே மாறிவிட்டது. "ஐயாகிட்ட குடுங்கக்கா" என்று வாங்கி இருபது நிமிடம் பேசினார். நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், முக்குளிப்பான் என்று தமிழ்ப் பெயராகவே அடுக்கினார். ஐயாவுக்கு முட்டி வலி என்றால் கரையிலேயே நிழலில் நாற்காலி போட்டுத் தருகிறோம் என்றார். போனை வைத்ததும் அப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அன்றைக்கே ₹6,000 முன்பணம் அனுப்பினேன்.

அப்புறம் ஏரி என்று சொல்லி ஒரு படம் அனுப்பினார்கள். தண்ணீர் முழுக்கப் பூநாரைக் கூட்டம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பூநாரை உப்புத்தண்ணி தேடிப் போற பறவையாச்சே, நல்ல தண்ணி ஏரியில இவ்ளோ நிக்குமா?" என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி, அரை மணி நேரத்தில் கூடாரம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்தினார்கள், மீதி ₹12,600-ஐயும் போட்டுவிட்டேன். நிறுவனக் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் நம்பருக்கு. மொத்தம் ₹18,600. அந்தப் படம் பழவேற்காட்டில் யாரோ எடுத்தது என்று திரும்பி வந்த பிறகு இணையத்தில் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை விடிகாலை 4:45-க்கு வண்டி வரும் என்றார்கள். அப்பா மூன்று மணிக்கே குளித்துத் தயாராகிவிட்டார். தொப்பி, நோட்டு, பேனா எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி வந்தது 7:40-க்கு. விடியற்காலை இரண்டு மணி நேரம்தான் பறவை பார்க்க நல்ல நேரம் என்பது அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டி ஏரிக்கரைக்குப் போனால் அங்கே ஒருவரும் இல்லை. படகும் இல்லை, நாற்காலியும் இல்லை. வலை அலசிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "இங்க யாரும்மா டூருக்குக் கூட்டியாராங்க, நாங்க மீன் புடிக்கிறதோட சரி" என்றார். பத்து மணிக்கு மேல் பைக்கில் ஒரு பையன் வந்தான், அவன்தான் வழிகாட்டியாம். பையிலிருந்து ஒரே ஒரு பைனாகுலர் எடுத்துக் கொடுத்தான். பொருட்காட்சியில் விற்கிற பிளாஸ்டிக் சாமான், ஒரு பக்கம் கண்ணாடி முழுக்கப் பூஞ்சை. அப்பா வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு என் மகனிடம் கொடுத்துவிட்டார். நீர்க்காகத்தைக் காட்டி அந்தப் பையன் "வாத்து" என்றான். கூடாரம் எங்கே தம்பி என்று கேட்டதற்கு, "பணம் வாங்குனவங்களைக் கேளுங்க, என்னை இன்னிக்குக் காலையிலதான் கூப்பிட்டாங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

ஏரியைக் குறை சொல்ல மாட்டேன். நெய்வேலிச் சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர் வாலாஜா ஏரி வழியாக இங்கே வருகிறது என்று அப்பா பேரனுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தார். மதகுக்குப் பக்கத்தில் காட்டாமணக்குப் புதர் ஓரமாக ஒரு நத்தைகுத்தி நாரை நின்றது, இருபதடி தூரம்கூட இருக்காது. மூடின அலகுக்கு நடுவில் இடைவெளி இருக்கும் பார் என்று அப்பா காட்டினார். அது தலையைத் தண்ணீருக்குள் விட்டு, அசைத்து அசைத்து, நத்தையின் சதையை மட்டும் உருவி எடுத்து விழுங்கியது. மகன் மூச்சுவிடாமல் பார்த்தான். அதைக் காட்ட ₹18,600 கேட்டவன் யாரும் பக்கத்தில் இல்லை. என் அப்பாதான் காட்டினார், வெறும் கண்ணால்.

பதினொன்றரைக்கு அப்பாவுக்கு முட்டி வீங்க ஆரம்பித்தது. ஓட்டுநருக்கும் டீசல் காசு தரவில்லையாம், அவர் போன் செய்தாலும் எடுக்கவில்லை. பாவம், அவர்தான் எங்களை வடலூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வள்ளலார் 1867-ல் ஏற்றின அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற தருமச்சாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எந்த ஊர், என்ன சாதி, எவ்வளவு தருவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சோறு போட்ட அம்மா, அப்பாவால் கீழே உட்கார முடியவில்லை என்று பார்த்துத் தானாகவே ஒரு ஸ்டூல் எடுத்து வந்து போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கிருந்து கடலூர், கடலூரிலிருந்து புதுச்சேரி, பஸ் மாறி மாறி வீட்டுக்கு வந்தோம். தறியும் இல்லை, கூத்தும் இல்லை.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். சனி மாலை: "டீம்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் அக்கா." ஞாயிறு: "நீங்கதான் பாதியில கிளம்பிட்டீங்க, அதுக்கு ரீஃபண்ட் கிடையாது." திங்கள்: "ஏழு வேலை நாள் ஆகும்." அன்றைக்குச் சாயந்திரமே: "பணமா தர முடியாது, அடுத்த ட்ரிப்புல கழிச்சுக்கலாம்." அக்கா போய் மேடம் ஆகிவிட்டது. என் அப்பாவிடமாவது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள் என்று எழுதினேன். அதற்கப்புறம் நான் அனுப்புவது எதுவும் போய்ச் சேரவில்லை. அவர்கள் பக்கத்தில் நான் எழுதின கருத்தையும் நீக்கிவிட்டார்கள். அதே பூநாரைப் படத்தோடு அடுத்த வார விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ₹18,600 என் இரண்டு மாதச் சீட்டுப் பணம்.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை. தனி ஆள் நம்பருக்கு முழுப்பணம் போடாதீர்கள். அவசரப்படுத்தினால் போனை வையுங்கள். அவர்கள் அனுப்புகிற படத்தை இணையத்தில் போட்டுத் தேடிப் பாருங்கள். பணம் போனால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் மூன்று நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். நுகர்வோர் உதவிக்கு 1915. பெருமாள் ஏரிக்குப் போக இவர்கள் யாரும் தேவையில்லை, குறிஞ்சிப்பாடி வரை பஸ் இருக்கிறது.

நேற்று அப்பாவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தேதி, 'பெருமாள் ஏரி', கீழே 'நத்தைகுத்தி நாரை - 1'. பணத்தைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.