துடிக்கும் கரு இதயத்தைப் படமெடுக்க: கன்ஃபோகலா, ஒளித்தாள் நுண்ணோக்கியா?

கருவுற்று ஏறத்தாழ 24 மணி நேரத்தில் துடிக்கத் தொடங்கும் ஜீப்ரா மீன் கருவின் இதயம், அடுத்த ஓரிரு நாள்களில் நிமிடத்துக்கு 120 முதல் 180 துடிப்புகளை எட்டுகிறது. ஆகவே இங்கே கூர்மையைவிட வேகமும் கருவின் மீது விழும் ஒளியின் அளவும்தான் கருவியைத் தீர்மானிக்க வேண்டும்.

வழக்கமான கன்ஃபோகல் நுண்ணோக்கி லேசரைப் புள்ளி புள்ளியாக நகர்த்திப் படத்தை உருவாக்குகிறது. மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வருவதற்குள் இதயம் சுருங்கி விரிந்துவிடுவதால், கீழறைச் சுவர் ரம்பப் பல்போலச் சிதைந்து தெரியும். மேலும், குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியை அதன் ஊசித்துளை தடுக்கிறதே தவிர, லேசர் கருவின் முழு ஆழத்தையும் ஊடுருவிச் செல்வதைத் தடுப்பதில்லை. படமெடுப்பதற்காகத் திசுவில் உள்ள ஒளிர்மூலக்கூறுகள் ஒளியிழந்து வெளிறுவதும் திசு நலிவதும் அதனால்தான். துளைகள் கொண்ட வட்டைச் சுழற்றிப் பல புள்ளிகளை ஒருசேர வருடும் சுழல்வட்டு கன்ஃபோகல் வகை வேகச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தாலும் இந்தக் குறை அதற்கும் உண்டு. இரண்டு ஒளித்துகள்களை ஒருசேர உறிஞ்சவைத்து ஒளிரச் செய்யும் இரட்டை ஃபோட்டான் முறை ஆழமான திசுவுக்கு நல்லது என்றாலும் அதுவும் பெரும்பாலும் புள்ளி வருடல்தான்.

ஒளித்தாள் முறையில், சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒளி பக்கவாட்டிலிருந்து ஒரே தளத்தை மட்டும் ஒளியூட்ட, அதற்குச் செங்குத்தாக உள்ள கேமரா அத்தளம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது. பார்க்கப்படாத தளங்கள் இருட்டிலேயே இருப்பதால் நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களை நெடுநேரம் எடுக்க முடிகிறது. ஹைஸ்கன், ஸ்டெல்சர் ஆகிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2004இல் இம்முறையை வெளியிட்டபோதே, மெடாகா மீன் கருவின் துடிக்கும் இதயத்தைப் படமெடுத்துக் காட்டியது.

குறைகளும் இல்லாமல் இல்லை. நிறமிகள் ஒளித்தாளை மறித்தால் படத்தில் நிழற்கோடுகள் விழும். ஒளியை இருபுறமிருந்தும் செலுத்தி, கோணத்தைச் சற்றே ஆட்டுவது அவற்றைக் குறைக்கும். மீனை அசையாமல் வைக்கும் அகரோஸ் என்னும் கூழ் கெட்டியாக இருந்தால் வளர்ச்சி தடைப்படும். மயக்கமருந்து டிரைக்கெய்ன் மிகுந்தால் துடிப்பு குறையும். இவற்றைக் கவனிக்காமல் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உடலியங்கியல் தரவாகாது என்பதே என் கருத்து.

முப்பரிமாணப் படம் வேண்டுமானால், ஒவ்வொரு தளத்திலும் சில துடிப்புகளைப் பதிவுசெய்து பின்னர் கணினியில், துடிப்பின் ஒரே கட்டத்தில் எடுத்த படங்களைப் பொருத்தி அடுக்குகிறார்கள். துடிப்பு சீராக இருக்கும்வரை இது நம்பத்தக்கது. மரபணுத் திரிபால் துடிப்பு தடுமாறும் கருக்களில் அந்த அனுமானமே குலைவதால், அங்கே ஒற்றைத் தளத்தை மிகுவேகத்தில் பதிவுசெய்வதே பாதுகாப்பான தேர்வு.