அப்பாவின் 86 ரெக்கார்டுகளும் ஒரு யூஎஸ்பி டர்ன்டேபிளும்

அப்பா விட்டுப்போன பழைய ரெக்கார்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றிய கதை இது. முதலில் செலவுக் கணக்கு. ரெக்கார்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிள் 18,500 ரூபாய். அதற்கு மாற்று ஊசி 2,700. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய ‘78 வேக’ ரெக்கார்டுகளுக்கான தடித்த ஊசி 3,100. கரியிழை பிரஷ் 650. கணினியில் பதிவு செய்யும் மென்பொருளுக்குக் காசு இல்லை. இதற்கு முன்னால் 5,000 ரூபாய்க்குச் சூட்கேஸ் வடிவத்தில் ஒன்றை வாங்கி, நான்கே நாளில் திருப்பி அனுப்பினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

கோவில்பட்டியில் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் வேப்பமரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார். கேசட் வந்ததும் ரெக்கார்டுகள் தகரப் பெட்டிக்குள் போயின. அவர் காலமாகி ஆறு வருடம் கழித்துத் தம்பி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் இறக்கினான். “அக்கா, உனக்குத்தான் பொழுது இருக்கிறது” என்றான். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சரைப் பார்த்து யாரும் சொல்லக்கூடாத வாக்கியம். ஆனாலும் பெட்டியைத் திறந்து எண்ணினேன். 45 வேகத்தில் சுழலும் சின்ன ரெக்கார்டுகள் 49, 33 வேகத்தில் சுழலும் பெரிய எல்பி 26, அரக்கினால் செய்த 78 வேகத் தட்டுகள் 11. எல்லாவற்றின் மேலும் கரிசல் தூசி மாவுபோலப் படிந்திருந்தது.

சூட்கேஸ் பிளேயரைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் ஒரு சின்னத் தராசு. ஊசி ரெக்கார்டின் மேல் எவ்வளவு கனத்துடன் அமர்கிறது என்று அளக்க 400 ரூபாய்க்கு மின்னணுத் தராசு கிடைக்கிறது. வைத்துப் பார்த்தேன், ஐந்தரை கிராம். ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் கனத்தைக் கூட்டிக் குறைக்க எந்த வசதியும் இல்லை. இப்போது வைத்திருக்கும் டர்ன்டேபிளில் பின்பக்கம் திருகும் எடைக்கட்டி உண்டு. அதைத் திருகி, ஊசியோடு வந்த தாளில் சொன்னபடி இரண்டு கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யூஎஸ்பி துளை இருக்கிறதா, புளூடூத் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். வாங்கும் முன் இந்த எடைக்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரை நான் சொல்லவில்லை. இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப்போல ஒரே ஜாடையில்தான் இருக்கின்றன.

இணைப்பது எளிது என்று பெட்டியில் போட்டிருக்கிறது, உண்மைதான். ஒரு கம்பியை மடிக்கணினியில் செருகினால் போதும். இசையை எண்களாக மாற்றும் சில்லு டர்ன்டேபிளுக்குள்ளேயே இருக்கிறது. ரெக்கார்டில் தடம் வெட்டும்போதே கனமான கீழ் ஒலிகளைக் குறைத்தும் கூர்மையான மேல் ஒலிகளைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் தடம் அகலமாகிப்போய், எல்பியின் ஒரு பக்கத்தில் 20 நிமிடப் பாட்டு அடங்காது. கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்ய வேண்டும். ஊசியிலிருந்து வருவதோ நான்கைந்து மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்கவும் வேண்டும். இரண்டு வேலையையும் உள்ளேயே இருக்கும் சிறு பெருக்கி பார்த்துக்கொள்கிறது. தொடக்கக்காரர்களுக்கு இது போதும்.

கையேட்டில் மட்டும் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. மடிக்கணினிக்கு இந்த டர்ன்டேபிள் ஒரு மைக்காகத்தான் தெரியும், எந்த மைக்கிலிருந்து பதிய வேண்டும் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் ஒரு எல்பி முழுவதையும் பதிந்து, ஆசையாகப் போட்டுக் கேட்டேன். இரண்டாவது பாட்டின் சரணத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. அறையில் ஸ்பீக்கர் பாடியதை மடிக்கணினியின் சொந்த மைக் ஒட்டுக்கேட்டுப் பதிந்திருக்கிறது! மறுநாள் சரியான மைக்கைத் தேர்ந்தெடுத்தேன், ஆனால் இரண்டு தடங்களுக்குப் பதில் ஒற்றைத் தடத்தில் பதிந்தேன். ஸ்டீரியோ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமாம். அதன் பிறகு தொடர்ந்து ‘ஊம்’ என்று ஒரு முனகல். இரண்டு நாள் அல்லாடிய பிறகு மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினேன், முனகல் நின்றது. எங்கள் வீட்டுச் சுவர் பிளக்கில் எர்த் சரியில்லை. இப்போது பேட்டரியில்தான் பதிகிறேன், ஒரு மூச்சில் இரண்டு எல்பி தாங்குகிறது.

டர்ன்டேபிளை முதலில் தையல் மெஷின் மேசையில் வைத்தேன். யாராவது கதவைச் சாத்தினால் பதிவில் தொம் என்று விழுந்தது. கடப்பைக் கல் அலமாரிக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி இரைச்சல் போனது மென்பொருளால் அல்ல, தண்ணீரால். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள உப்பு தடத்துக்குள்ளேயே காய்ந்து நின்றுவிடும். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளுக்கான மெல்லிய பல் பிரஷ். நடு லேபிள் நனையாமல் ஒரு கையால் டிபன் பாக்ஸ் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தடம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்தேன். பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. காய வைக்கச் சமையலறைத் தட்டு ஸ்டாண்டு அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. அடுக்கில் சாப்பாட்டுத் தட்டு நான்கு, இசைத்தட்டு ஆறு. முதல் ரெக்கார்டைக் கழுவிய தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

78 தட்டுகளுக்கு ஒரு எச்சரிக்கை. வினைல் ரெக்கார்டில் பிசுக்கு போகவில்லையென்றால் ஸ்பிரிட்டைத் தண்ணீரில் கொஞ்சம் கலந்து துடைக்கலாம் என்பார்கள். அரக்குத் தட்டில் அதைச் செய்தால் தட்டே கரைந்துவிடும். கதவுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே. பெட்டிக்குள் ஏற்கெனவே உடைந்து கிடந்த ஒரு துண்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மூன்றாவது இழுப்பில் பஞ்சு பழுப்பாகிவிட்டது, துண்டில் தடம் மழுங்கிக் கண்ணாடிபோல ஆகிவிட்டது. அந்த 11 தட்டுகளுக்கும் சோப்புத் தண்ணீர் மட்டும்தான், அதுவும் ஊற விடாமல்.

மென்பொருளாக ஆடாசிட்டியை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய இலவச மென்பொருள். அதன் முகப்பு அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், பழைய பொட்டி டிவியின் பின்பக்கம்போல இருக்கிறது. ஆனால் கேட்டதைச் செய்கிறது. பதிவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பாட்டு உச்சத்தில் நசுங்காது. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பதிந்துவிட்டு, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டினால் அதுவே தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்துத் தருகிறது. சிடி தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமித்தால் பாதி இடம் போதும்.

அவசரப்படுகிறவர்களுக்கு ஒன்று. 40 நிமிட எல்பியைப் பதிய 40 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. கழுவி, பதிந்து, பிரித்து, பெயரிட்டு முடிக்க எனக்கு எல்பி ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

இரைச்சலை நீக்கும் கருவியில்தான் முதல் மாதம் முழுக்கத் தவறு செய்தேன். பாட்டு தொடங்கும் முன் ஊசி மட்டும் ஓடும் இரண்டு விநாடியைக் காட்டி, “இதுதான் இரைச்சல், நீக்கு” என்று சொல்ல வேண்டும். நான் அளவை 24 டெசிபலில் வைத்தேன். இரைச்சல் சுத்தமாகப் போனது. பாடியவர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பாடினார். இப்போது ஆறுக்கு மேல் போவதில்லை, பல ரெக்கார்டுகளில் தொடுவதே இல்லை. டப் டப் என்ற பொரிச்சலைத் தானாக நீக்கும் கருவியும் நாதஸ்வரக் கச்சேரிக்கு ஆகாது. தவிலின் ‘தொப்’பைக் கீறல் என்று நினைத்து நுனியை மழுக்கிவிடுகிறது. அதற்குப் பதில் பெரிய வெடிப்புகளை மட்டும் கையால் எடுக்கிறேன். அலையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் மேடு பள்ளத்துக்கு நடுவே கருவேல முள்போல ஒன்று செங்குத்தாக நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ என்றால் இரு பக்கத்து அலையையும் பார்த்து நடுவே ஒட்டுப்போட்டுவிடுகிறது. ஒரு முறைக்கு 128 மாதிரிகள், அதாவது ஒலியை எண்ணாக அளந்த புள்ளிகள்தான் அனுமதி, மூன்று மில்லி விநாடிகூட இல்லை. காது எந்த வித்தியாசமும் உணர்வதில்லை.

ஆனால் எந்தக் கருவியாலும் ஆகாத ஒன்று இருந்தது. சின்ன ரெக்கார்டுகளின் லேபிளில் அப்பா நீல மையால் ‘பெ.அ.’, ‘தா’, ‘ப’ என்று எழுதி வைத்திருக்கிறார். பெண் அழைப்பு, தாலி, பந்தி. மை எழுத்து இருந்த ரெக்கார்டுகள் எல்லாமே கம்மிப்போயிருந்தன. ‘ச’ வரும் இடமெல்லாம் அரிசி புடைப்பதுபோல ஒலித்தது. காரணம் எனக்கு நேரடியாகத் தெரியும். ஊசி துள்ளாமல் இருக்க அப்பா, ஊசியைத் தாங்கும் கையின் நுனியில் ஒரு நாலணாவை வைத்து நூலால் கட்டியிருப்பார். அந்தக் கனத்தோடு ஆயிரம் தாலிக்குப் பாடிய பாட்டு தேயாமல் என்ன செய்யும்?

இதற்குத்தான் அந்த 2,700 ரூபாய் ஊசி. டர்ன்டேபிளோடு வந்தது உருண்டை முனை. மாற்று ஊசியின் முனை நீள்வட்டம், அது தடத்தின் சுவரில் வேறோர் உயரத்தில் தொடுகிறது, அப்பாவின் ஊசி உராயாத இடத்தில். எல்லா ரெக்கார்டிலும் பலன் இல்லை. 49இல் ஏறத்தாழ முப்பது தேறின. மிச்சத்தில் சிலவற்றுக்கு இன்னொரு வழி கிடைத்தது. பழைய மோனோ ரெக்கார்டில் தடத்தின் இரண்டு சுவர்களிலும் ஒரே பாட்டுதான் இருக்கிறது. ஸ்டீரியோவாகப் பதிந்துவிட்டு, எந்தச் சுவர் குறைவாகத் தேய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். இரண்டும் ஒரே தரத்தில் இருந்தால் கலந்துவிடுவது நல்லது, பாட்டு கூடும், இரைச்சலில் ஒரு பங்கு ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு குறையும்.

என் டர்ன்டேபிளில் 33, 45 இரண்டு வேகம்தான், 78 இல்லை. வாங்கும்போது பெட்டியின் அடியில் இருந்த தட்டுகளை நான் பார்க்கவில்லை, முழுக்க என் தவறு. ஆனாலும் வழி இருக்கிறது. தடித்த ஊசியை மாட்டி 45இல் ஓடவிட்டுப் பதிந்து, ஆடாசிட்டியின் வேகம் மாற்றும் கருவியில் 45இலிருந்து 78க்கு என்று சொன்னால் சரியாகிவிடுகிறது. மேல் கீழ் ஒலிகளின் சமநிலை கொஞ்சம் பிசகும், நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள்.

அந்தப் பதினொன்றில் ஒன்று காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், எங்கள் ஊரில் வாழ்ந்தவர், 1964இல் மறைந்தவர். மூன்றேகால் நிமிடப் பக்கம் 45 வேகத்தில் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. நாதஸ்வரம் தாழ்ந்து இறங்கி, பெரிய சங்கு ஊதுவதுபோல ஒலித்தது. வேகத்தில் ஒரே சுழிப்பாகக் கேட்டிருந்த கமகம் இப்போது ஒவ்வொரு வளைவாகப் பிரிந்து, மேலே போய், தயங்கி, நழுவி இறங்கியது. தவிலில் வலது கை எது, இடது கைக் குச்சி எது என்று எண்ண முடிந்தது. வேகத்தைச் சரிசெய்த கோப்போடு, சரிசெய்யாததையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தூசி மூடியின் கீல் மூன்றாம் மாதமே விரிசல் விட்டது. யூஎஸ்பி வழியாக வரும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்க டர்ன்டேபிளில் குமிழ் இல்லை, சத்தமான சினிமாப் பாட்டு ரெக்கார்டு இரண்டு அதனாலேயே உச்சத்தில் நசுங்கியது. இருபது முப்பது ரெக்கார்டாவது கையில் இருந்தால் இதை வாங்கலாம். இரண்டு மூன்றுதான் என்றால் வைத்திருப்பவரிடம் இரவல் கேளுங்கள்.

மதுரையிலிருந்து சித்தி மகன் அப்படித்தான் கேட்டிருக்கிறான். “ரெக்கார்டோடு வா, ஊசியை மட்டும் நீ வாங்கிக்கொண்டு வா” என்று சொல்லியிருக்கிறேன்.