தீவுகளுக்குச் சரக்கு: கேரவனா, ட்வின் ஆட்டரா, ஐலாண்டரா?

சிறு விமானத்தில் தீவுகளுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களிடம் "எத்தனை கிலோ ஏற்றும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தத் தீவுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஓடுபாதை எவ்வளவு நீளம், அங்கே எரிபொருள் கிடைக்குமா என்பது தெரியாதவரை விளம்பரத் தாளில் இருக்கும் எடை வெறும் எண்தான்.

முதலில் செஸ்னா கேரவன். 1982-இல் முதன்முதலாகப் பறந்தது. ஃபெடெக்ஸ் என்ற அமெரிக்கக் கூரியர் நிறுவனம் சிற்றூர்களுக்குப் பார்சல் அனுப்ப வாங்கிக் குவித்ததால் சரக்கு உலகில் பேர் வாங்கியது. இடப்பக்கம் ஒன்றேகால் மீட்டர் அகலக் கதவு, வயிற்றடியில் சரக்குப் பெட்டி, ஒரே டர்போபிராப் எஞ்சின், அதாவது டர்பைனால் விசிறியைச் சுழற்றுவது. இதன் நீட்டிய வடிவமான கிராண்ட் கேரவன் இ.எக்ஸ், விமானி, எரிபொருள், சரக்கு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,600 கிலோ தாங்கும்.

தீவு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது, அங்கே எரிபொருள் இல்லை என்று வையுங்கள். கேரவன் மணிக்குச் சுமார் 170 கிலோ எரிபொருள் குடிக்கும். போக வர 340, கையிருப்பு 130, விமானிக்கு 90. மிச்சம் 1,040 கிலோ. தீவில் ஒரு எரிபொருள் தொட்டி இருந்திருந்தால் இன்னும் 170 கிலோ ரொட்டியும் மருந்தும் போயிருக்கும். வானிலை கெட்டால் வேறு தீவுக்குத் திரும்புவதற்கான எரிபொருளை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கேரவனைப் பற்றிய பயம் ஒன்றே ஒன்று: நடுக்கடலில் அந்த ஒற்றை எஞ்சின் நின்றால்? சறுக்கிப்போய் எட்டும் தூரத்துக்குள் கரை இல்லையென்றால் தண்ணீர்தான். அதில் இருப்பது நம்பகத்துக்குப் பேர்போன பிடி6 எஞ்சின். ஒற்றை டர்பைன் விமானங்கள் இரவிலும் மேகத்துக்குள்ளும் வணிகப் பயணம் போக ஐரோப்பிய ஒன்றியமே 2017-இல் நிபந்தனைகளோடு வழிவிட்டது. ஆனாலும் குளிர்ந்த கடல், நீண்ட தூரம், இரவு நேரம் மூன்றும் சேர்ந்தால் நான் இரட்டை எஞ்சின் பக்கம்தான்.

அங்கே ட்வின் ஆட்டர் வருகிறது. 1965 மே மாதம் பறக்கத் தொடங்கிய கிழட்டு வடிவம். இதிலும் பிடி6தான், ஆனால் இரண்டு. கரீபியனில் சபா தீவின் ஓடுபாதை வெறும் 400 மீட்டர். அதில் இது சாதாரணமாக இறங்குகிறது. ஸ்காட்லாந்தின் பாரா தீவில் கடற்கரை மணலே ஓடுபாதை. அலை வற்றும் நேரத்தைப் பார்த்து அட்டவணை போடுகிறார்கள். சக்கரத்துக்குப் பதில் மிதவையும் மாட்டலாம். இதற்கெல்லாம் கொடுக்கும் விலை? கேரவனைவிட எரிபொருள் ஏறக்குறைய இருமடங்கு, சரக்கு இருமடங்கு ஏறாது. எஞ்சின் பிரித்துப் பார்க்கும் செலவும் இரண்டு. 1988-இல் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், நல்ல நிலையில் இருக்கும் பழசை யாரும் எளிதில் விற்பதில்லை.

பிரிட்டன்-நார்மன் ஐலாண்டருக்கும் வயது அதேதான், 1965 ஜூன். குட்டிக் குட்டித் தாவல்களுக்கென்றே பிறந்தது. ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு இது இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும். அதன் இரண்டு பிஸ்டன் எஞ்சின்களும் சிக்கனமானவை, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் அவை கேட்பது ஈயம் கலந்த விமானப் பெட்ரோல். பல தீவுகளில் அதைக் கப்பலில் டிரம் டிரம்மாகக் கொண்டுவர வேண்டும். உடல் வேறு ஒடுக்கம்; நிற்க வைத்த ஃப்ரிட்ஜை நினைக்கவே வேண்டாம்.

புதிதாக வந்திருப்பது செஸ்னா ஸ்கைகூரியர். ஃபெடெக்ஸ் 2022-இல் முதல் விமானத்தைப் பெற்றது. பெரிய விமானங்களின் வயிற்றில் ஏற்றும் எல்.டி.3 என்ற சரக்குப் பெட்டகங்கள் மூன்றை அப்படியே உள்ளே தள்ளலாம், சுமார் 2,700 கிலோ. முழு எடையோடு கிளம்ப ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதை வேண்டும். அது இருக்கும் தீவுகளுக்கு யோசிக்கலாம்.

சிமெண்டையும் டீசலையும் கப்பலிடமே விட்டுவிடுங்கள்; கிலோ கணக்கில் எந்த விமானமும் அதனோடு போட்டி போட முடியாது.

திரும்பும் பயணத்தையும் பார்த்துவிடுங்கள். தீவிலிருந்து பெரும்பாலும் ஏறுவது மீன்தான். பெட்டி ஒழுகி உப்புநீர் தரைப் பலகைக்கு அடியில் இறங்கினால், மேலே பளிச்சென்று துடைத்திருப்பார்கள், கீழே அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்திருக்கும். பழைய விமானம் எதை வாங்கப் போனாலும் அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.