நல்ல கிட்டார்தான், அந்த ஜி கம்பி மட்டும்…

நான் வாசிக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரைப் போலவே ஒன்றை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வடிவம், இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), தலைப்பகுதியில் பக்கத்துக்கு மூன்று ட்யூனர் (கம்பியை முறுக்கும் திருகாணி). மற்ற விவரமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருடக்கணக்காக இதைத்தான் வாசிக்கிறேன். மேடைக்காக இல்லை, வேலை முடிந்து கிடைக்கும் நேரத்தில் எனக்காக. இதற்குள் இதில் நான் கழற்றிப் பார்க்காத பாகம் அநேகமாக எதுவும் இல்லை.

முதலில் ஜி கம்பி, அதாவது மூன்றாவது கம்பி. சுருதி சேர்த்து வைத்துவிட்டு அந்தக் கம்பியில் ஒரு முழுச் சுரத்துக்கு பெண்ட் செய்து, அதாவது கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றி, விட்டால், திரும்பி வரும்போது சுருதி இறங்கியிருக்கும். ட்யூனரைத் திருகினால் உடனே ஏறாது. இன்னும் கொஞ்சம் திருகினால் நட்டில், அதாவது கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட சிறு துண்டில், 'டிங்' என்று ஒரு சத்தம், சுருதி ஒரேயடியாக எகிறிவிடும். நல்ல மனநிலையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு அழகான வரியின் கடைசியில், இந்த ஒரு கம்பி வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். மற்ற ஐந்தும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இப்படி நடந்தால் பெரும்பாலானோர் ட்யூனரைத்தான் சந்தேகிப்பார்கள். புதிய ட்யூனர் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெண்ட் செய்து சுருதி இறங்கிய பிறகு, நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவில் உள்ள கம்பியை விரலால் ஒரு முறை அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கே ஏறிவிட்டால் ட்யூனரில் குற்றமில்லை, கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது. என் கிட்டாரில் ஒவ்வொரு முறையும் ஏறியது.

காரணம் பாதி இந்த வடிவத்திலேயே இருக்கிறது. 1950களின் லெஸ் பாலில் தலைப்பகுதி 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் கம்பிகள் நட்டை அழுத்தமாகப் பிடிக்கும். பக்கத்துக்கு மூன்று ட்யூனர் என்பதால் நடுவில் உள்ள டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாக வளைந்து போகின்றன. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு ட்யூனரும் ஒரே பக்கம், கம்பி ஏறக்குறைய நேராகப் போய்விடும். இங்கே சாய்வும் வளைவும் ஒரே இடத்தில் சேர்கின்றன, அந்த இடத்தில் பள்ளம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் போதும்.

மீதிப் பாதி கம்பியின் சுபாவம். 10 முதல் 46 வரையிலான செட்டில் (பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஜி கம்பி 17, மேலே சுற்று இல்லாத வெறும் எஃகு. டி கம்பி அதைவிடப் பருமனாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் எஃகு மெல்லியது, மேலே இருப்பது வெறும் சுற்று. இழுவிசையோடு ஒப்பிட்டால் செட்டிலேயே அதிக எஃகு உள்ளது ஜி கம்பியில்தான். அதனால் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி நிறைய மாறும். போதாததற்கு இந்த வகைக் கிட்டாரின் கம்பி நீளம் 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5. அதே கம்பியை அதே சுருதிக்குச் சேர்த்தால் இங்கே இழுவிசை சுமார் 6 சதவீதம் குறைவு. வளைக்கச் சுகமாக இருப்பதும் இதனால்தான், சுருதி சட்டென்று விலகுவதும் இதனால்தான்.

இவையெல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம் வருவது ஏனென்றால், இந்தக் கிட்டாரைச் செய்தவர்கள் கழுத்தை அவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறார்கள். ஃப்ரெட்டுகளின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) ஓரம் கையை உறுத்துவதே இல்லை. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினாலே கழுத்து சொன்னபடி வளைந்து கொடுக்கிறது. ஏழாவது ஃப்ரெட் அருகே கால் மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. இவ்வளவு செய்துவிட்டு, மலிவான பிளாஸ்டிக் நட் ஒன்றை ஒட்டி, மூன்றாவது பள்ளத்தைச் சரியான அரத்தால் ராவாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கை தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் எத்தனை பேர் 'எனக்குக் காது சரியில்லை' என்று நினைத்துக் கிட்டாரை மூலையில் சாய்த்துவிட்டார்களோ. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவுவது பழைய வைத்தியம், கொஞ்ச நாள் கேட்கும். நிரந்தரமான வழி நட்டையே மாற்றுவதுதான். சமீபத்தில் எலும்பு நட் வைத்தேன். இந்த வேலை எனக்கு வாசிப்பதற்கு நிகரான சந்தோஷத்தைத் தந்தது. பழைய நட்டின் ஓரத்தில் மெல்லிய கத்தியால் பூச்சைக் கீறிவிட்டு, மரக்கட்டை வைத்து இலேசாகத் தட்டினால் பசை விட்டுவிடும். புதிய எலும்பைச் சமதளக் கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்து, இடத்தில் சிக்கென்று உட்காரும் வரை கொண்டுவர வேண்டும். பிறகு பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளமும் கம்பியின் பருமனைவிட ஒரு மயிரிழை அகலமாக, ட்யூனரை நோக்கிச் சரிந்து, டி, ஜி இரண்டுக்கும் பின்பக்கம் கம்பி வளையும் திசையில் சற்றே விரிந்து இருக்க வேண்டும். கம்பி ஃப்ரெட் பலகைப் பக்க விளிம்பில்தான் உட்கார வேண்டும், உள்ளே தள்ளி உட்கார்ந்தால் தம்புராவில் ஜீவா நூல் வைத்ததுபோல் ரீங்கரிக்கும். தம்புராவுக்கு அதுவே உயிர், இங்கே அதை வைத்துக்கொண்டு ஒரு கார்ட்கூட (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) பிடிக்க முடியாது.

எவ்வளவு ஆழம் என்பதற்கு, கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் போதும். அதற்கு மேல் ராவக் கூடாது. பழைய நட்டில் அந்த இடைவெளி மிக அதிகமாக இருந்தது, ஆகவே முதல் ஃப்ரெட்டில் எதை அழுத்தினாலும் சுருதி கூடியே கேட்டது. திறந்த இ மேஜர் கார்டில் ஜி கம்பி முதல் ஃப்ரெட்டில்தான் அழுந்துகிறது, கார்டின் மூன்றாம் சுரம் அது. சம இடைவெளிச் சுரவரிசையில் அந்தச் சுரம் இயல்பான சுரத்தைவிட ஏற்கெனவே 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அதிகம். நட் உயரம் அதற்கு மேலும் கூட்டிவிட்டது. அந்தக் கார்டுக்காக ஜி கம்பியைக் காது சொல்வதுபோல் இறக்கினால், அடுத்து வரும் சி மேஜரிலும் ஜி மேஜரிலும் அது தாழ்ந்து கேட்கும். புதிய நட்டில் முதல் ஃப்ரெட் சரியான உயரத்துக்கு வந்தபின் அந்த 14 சென்ட் மட்டும்தான் மிச்சம். அது எல்லாக் கிட்டாரிலும் உண்டு, காது அதோடு சமாதானமாகிவிடும்.

இந்தத் தொல்லை இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கிட்டாரை நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன், பின்பக்க மூடிக்குள் என்ன இருக்கிறது என்றும் தெரிந்திருக்காது. உள்ளே 500 கிலோஓம் பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே உள்ள மாறு மின்தடை) நான்கு, 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு. டோன் இணைப்பை வால்யூம் பாட்டின் உள்வரும் முனையிலிருந்து எடுத்து நடுமுனையில் ஈயம் வைத்து ஒட்டினேன். 50களின் வயரிங் என்று சொல்வார்களே, அதுதான். முன்பெல்லாம் வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்கிப்போகும். இப்போது ஆம்ப் லேசாக உறுமும் நிலையில் வைத்துவிட்டு வால்யூமை ஆறுக்குக் கொண்டுவந்தால், உறுமல் மட்டும் அடங்கி மேல்சுரங்கள் துல்லியமாகவே நிற்கின்றன. ஒரு பெடல்கூட வேண்டாம், சுண்டுவிரலே போதும். மெதுவான பகுதியில் குறைத்து, உச்சத்துக்குப் போகும்போது திருப்பி ஏற்றி, அப்படியே நேரம் போவது தெரியாமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். சில வயர்களை இடம் மாற்றியதால் இவ்வளவு கிடைக்குமென்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

எலும்பு நட்டுக்குப் பிறகு 'டிங்' சத்தம் போய்விட்டது. பெண்ட் செய்தால் ஜி கம்பி திரும்பி வருகிறது. ஆனாலும் புதுக் கம்பி போட்ட முதல் நாளில், அறையின் வெப்பம் மாறும்போது, ஆறில் முதலில் விலகுவது அதுதான். அதைச் சரிசெய்வது எந்த நட்டாலும் ஆகாது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். கையில் எடுத்தவுடன் சுருதி நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அதைத் தராத ஒரு பொருளுக்கு நான் நற்சான்று கொடுக்க மாட்டேன். வாங்கித்தான் ஆவேன் என்றால் வாங்கிய கையோடு நட்டை மாற்றிவிடுங்கள், அதற்குள் எந்த முடிவுக்கும் வராதீர்கள். என்னுடையதைக் கொடுப்பீர்களா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்க மாட்டேன். அடுத்த முறை 11 செட் போடப் போகிறேன். அதில் ஜி கம்பி 18, இழுவிசை கொஞ்சம் கூடும், பெண்ட் செய்ய விரலுக்கு வேலை அதிகம்தான். மூன்றாவது பள்ளத்தை இன்னும் ஒரு இழை அகலப்படுத்த வேண்டும், அரத்தை எடுத்து வைத்துவிட்டேன்.