படிவம் 16 இல்லாத டாக்டருக்கு ஹவுசிங் லோன்: நான்கு வருட அனுபவம்

நான் மயக்க மருந்து டாக்டர். எம்.டி. முடித்ததிலிருந்து தனியார் மருத்துவமனைகளுக்குக் கேஸ் கேஸாகப் போய்வருகிறேன். 2021 கடைசியில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரீசேல் ஃபிளாட் வாங்கினோம். விலை 57 லட்சம், லோன் 45 லட்சம், 20 வருடம், ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி பேங்க்குகளுக்குக் கடன் தரும் வட்டி) ஏறி இறங்கும் வட்டி. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஜூனியர்கள் பார்த்தவுடன் கேட்பது, "எந்த பேங்க்ல வட்டி கம்மிக்கா?" அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. உங்கள் வருமானம் எந்தக் காகிதத்தில் நிற்கிறது என்பதுதான் முதலில்.

எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக அரசு வேலைக்குப் போன என் வகுப்புத் தோழியிடம் சம்பளச் சீட்டும், சம்பளத்தில் வரி பிடித்ததற்கு வேலை தருபவர் கொடுக்கும் படிவம் 16-ம் வாங்கினார்கள், சிபில் கடன் மதிப்பெண் பார்த்தார்கள், வேலை முடிந்தது. எனக்கு மருத்துவமனைகள் தருவது சம்பளமே கிடையாது, தொழில்முறைக் கட்டணம். அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டார்கள். அதற்குச் சான்றாகக் கையில் வந்தது படிவம் 16ஏ. பேங்க் பார்வையில் நான் சுயதொழில் செய்பவள், ஆகவே இரண்டு வருட ஐ.டி. ரிட்டர்ன் வேண்டும் என்றார்கள்.

சிக்கல் அந்த ரிட்டர்னில்தான் இருக்கிறது. டாக்டர் போன்ற தொழில்முறையினருக்கான, அன்றைய 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆடிட்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள், வரியும் மிச்சம். ஆனால் லோன் போடும்போது பேங்க் எடுத்துக்கொள்வது அந்தப் பாதியைத்தான். மாதம் ஒன்றரை லட்சம் வந்தாலும் அவர்கள் கணக்கில் 75 ஆயிரம். அதிலும் ஏறக்குறைய பாதிக்குள் எல்லா இ.எம்.ஐ.யும் அடங்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் படிப்புக் கடன் உட்பட. கடைசியில் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரைச் சேர்த்துக் கூட்டு லோனாகப் போட்டோம். என் வரவைவிடச் சின்னதான அவருடைய சம்பளச் சீட்டுதான் ஃபைலை நகர்த்தியது. மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

'டாக்டர்களுக்கு ஸ்பெஷல்' என்று ஏஜென்ட்கள் கொண்டுவருவதில் பெரும்பாலும் செயல்பாட்டுக் கட்டணத் தள்ளுபடிதான் இருக்கும். முன்பணம் போதவில்லை என்றால் 'டாக்டர் லோன்' வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள், அந்தப் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். அது அடமானமில்லாத கடன். வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு, அதன் இ.எம்.ஐ. உங்கள் ஹவுசிங் லோன் தகுதியையே தின்றுவிடும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான லோனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. பதிவுச் செலவு இந்தக் கணக்கில் வராது. அன்று முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். 6 லட்சத்து 27 ஆயிரம் தனியாகப் புரட்டினோம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது, அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பையும் கூடவே ஏற்றிவிட்டார்கள்.

வட சென்னையில் இரண்டாவது கேள்வி, பத்திரம் பேங்க் வக்கீலிடம் தேறுமா என்பது. தண்டையார்பேட்டையில் முதலில் பிடித்துப்போன வீட்டின் தாய்ப் பத்திரம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த இடத்தில் நின்றது. இறந்துபோன ஒருவருக்கு வாரிசுச் சான்றிதழே எடுக்கவில்லை. இன்னொரு ஃபிளாட்டில் மதிப்பீட்டாளர் நேரே மொட்டை மாடிக்குப் போனார். அங்கே வரைபடத்தில் இல்லாத ஒரு வீட்டில் குடித்தனம் நடக்கிறது, கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது. கீழே இறங்கி வந்தவர் ஃபைலை மூடிவிட்டார். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், அனுமதி பெற்ற வரைபடம் மூன்றையும் வக்கீலிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இனி வட்டி. வாங்கும்போது ரெப்போ 4, அதன்மேல் பேங்க் வைத்த ஸ்பிரெட் 2.9, ஆக 6.9 சதவீதம், இ.எம்.ஐ. சுமார் 34,600. 2022 மே மாதம் ரெப்போ ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5-ல் போய் நின்றது. என் வட்டி 9.4. ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால், கட்டிய 34,600-ல் வட்டி மட்டும் ஏறக்குறைய 34,300! அசலில் கழிந்தது ஒரு வேளை பிரியாணிச் செலவு. தவணைக்காலத்தை நீட்டலாமா, இ.எம்.ஐ.யை ஏற்றலாமா என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 20 வருடத்துக்குள்ளேயே முடிய 41,500 ஆக்கிக்கொண்டோம். அந்த ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இந்தத் தெரிவைக் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது.

2025-ல் ரெப்போ இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. இ.எம்.ஐ.யைக் குறைக்காமல் அப்படியே விட்டோம், வருடங்கள் குறைகின்றன. ஆனால் புதிதாக வருபவர்களுக்கு என் ஸ்பிரெட்டைவிடக் குறைவாகக் கொடுப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பழைய வாடிக்கையாளரைக் கூப்பிட்டு யாரும் குறைக்க மாட்டார்கள். வேறு பேங்க்குக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று கடிதம் கொடுத்த பிறகு, ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு 2.4 ஆக்கினார்கள்.

கேஸ் டாக்டர்களுக்கு ஓவர்டிராஃப்ட் வகை லோன் பொருந்தும் என்பது என் கருத்து. மருத்துவமனைகள் மூன்று மாதப் பாக்கியை மொத்தமாகப் போடும்போது அந்தக் கணக்கில் விட்டுவைத்தால் அவ்வளவுக்கு வட்டி ஓடாது, தேவைப்பட்டால் திருப்பி எடுக்கலாம். சாதாரண லோனில் முன்கூட்டிக் கட்டியது கட்டியதுதான். மாறும் வட்டி என்பதால் அபராதம் கிடையாது, அது ஒரு நிம்மதி. வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நாமே குடியிருக்கும் வீட்டுக்கு 2 லட்சம் வட்டிக் கழிவு பழைய வரி முறையில்தான்.

கையெழுத்துப் போடும் அன்று ஒற்றைப் பிரீமிய ஆயுள் காப்பீட்டை லோனோடு ஒட்டப் பார்த்தார்கள். கட்டாயமில்லை, வேண்டாம் என்றோம். கட்டடத்துக்கான காப்பீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து கீழ்வீடுகளில் தண்ணீர் நின்ற பிறகு நாங்களாகவே எடுத்தோம்.

அந்த அரசு டாக்டர் தோழி போன வருடம் கடனை அடைத்துவிட்டாள். அடைத்த 30 நாளில் பேங்க் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் ஒழுங்காக வந்துவிட்டது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பேங்க் பெயர் அப்படியே இருக்கிறது. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைத் தனியாகப் பதிய வேண்டுமாம். இப்போது டியூட்டி ஆஃப் பார்த்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு டோக்கன் தேடிக்கொண்டிருக்கிறாள்.