பத்தமடைப் பாயும் 16 பிக்சலும்: டெஸ்க்டாப் ஐகான்களோடு ஆறு வருஷம்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரக் கடைகளுக்கு பில் போடும் நிரல் ஒன்றை 2019 முதல் எழுதிப் பராமரித்து வருகிறேன். பைத்தானில் எழுதியது. ஜன்னல், பட்டன்களை உருவாக்கும் கருவித்தொகுப்பு முதல் இரண்டு வருஷம் டிகேஇன்டர், 2021-இலிருந்து பைசைடு6. பத்தமடையில் பாய்க்கடை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளக்கடை, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு அரிசி ஆலை என்று அம்பை ரோட்டில்தான் என் வாடிக்கையாளர்கள் அதிகம். கணக்கு, வரி, பிரிண்டர் பற்றியெல்லாம் எழுத நிறைய உண்டு. ஆனால் என்னை அதிகமாக பஸ் ஏற வைத்தது ஐகான்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பத்தமடைக் கடையில் பில் போடுவது முதலாளியின் உம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். நிரலின் பெயரை அவர் ஒருநாளும் படித்ததில்லை. டெஸ்க்டாப்பில் சுருட்டி வைத்த பச்சைப் பாய் ஒன்றை ஐகானாக வரைந்து கொடுத்திருந்தேன். அவருக்கு அந்த நிரலே ‘பாய்’தான். ஒருநாள் நான் புதிய பதிப்பைப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு போன்.

“என்ன வாப்பா, பாயைக் காணோமே. வெள்ளைத் தாள்லா கெடக்கு. நான் எதை அமுக்குவேன்?”

அன்று முழுக்க அவர் நோட்டில்தான் எழுதினார். நான் போய்ப் பார்த்தபோது நிரல் நன்றாகவே ஓடியது. பதிப்பு எண்ணைச் சேர்த்து ஃபோல்டர் பெயரை மாற்றியிருந்தேன். ஷார்ட்கட் எதைத் திறக்க வேண்டும் என்பதைத் திருத்தியவன், அதன் ஐகான் எங்கே இருக்கிறது என்பதைத் திருத்த மறந்துவிட்டேன். அந்த ஷார்ட்கட், இப்போது இல்லாத பழைய ஃபோல்டரில் ஐகோ கோப்பை (ஐகான் படம் இருக்கும் கோப்பு) தேடி, கிடைக்காமல், வெள்ளைத் தாளைக் காட்டியது. நிரலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பயன்படுத்துகிறவருக்கோ நிரலே காணாமல் போய்விட்டது.

அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். விண்டோஸில் நாம் ‘ஐகான்’ என்று ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் வேறு வேறு இடங்களில் வைக்கப்படும் வேறு வேறு படங்கள். ஜன்னலின் தலைப்புப் பட்டையில் வருவது நிரல் ஓடும்போது நாம் ஏற்றுவது. நிரலை இயக்கும் எக்ஸ்இ கோப்பின் மேல் தெரிவது அந்தக் கோப்புக்குள்ளேயே ரிசோர்ஸாக, அதாவது கூடவே பொதிந்த தரவாக, வைத்துத் தைக்கப்பட்டது. ஷார்ட்கட்டின் ஐகான் ஷார்ட்கட்டுக்குள் எழுதியிருக்கும் ஒரு முகவரி. டாஸ்க்பாரில் வருவது தனிக்கதை: பைத்தான் நிரலை எக்ஸ்இ ஆக்காமல் நேரடியாக ஓட்டினால் அங்கே பைத்தானின் ஐகான்தான் வரும். நிரலுக்கென்று, விண்டோஸ் அதை அடையாளம் காணும் ஒரு ஆப்யூசர்மாடல் ஐடியைத் தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் நம்முடையது வரும். இதில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றவையும் சரியாகும் என்று நினைத்துத்தான் முதல் வருஷம் முழுக்கத் தடுமாறினேன்.

இப்போது நான் செய்வது இது. பைத்தான் நிரலை எக்ஸ்இ ஆக்கும் பைஇன்ஸ்டாலரில் ஐகான் விருப்பத்தைக் கொடுத்து, படத்தை எக்ஸ்இக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். நிரலைக் கடைக் கணினியில் நிறுவித் தரும் இன்னோ செட்டப் போடும் ஷார்ட்கட் அந்த எக்ஸ்இயிலிருந்தே ஐகானை எடுத்துக்கொள்கிறது. தனியாக ஐகோ கோப்பு எதையும் கடைக்கு அனுப்புவதே இல்லை. ஃபோல்டர் பெயரில் பதிப்பு எண்ணும் கிடையாது.

டிகேஇன்டர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சின்ன நிரலுக்குப் போதும். ஆனால் படத்தை ஏற்றி வைக்கும் ஃபோட்டோஇமேஜ் பொருளை ஏதாவது ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் கழித்துவிடும், பட்டன் வெறுமையாக நிற்கும். ஜன்னலுக்கு ஐகான் வைக்கும் ஐகான்பிட்மேப்புக்கு விண்டோஸில் கொடுக்கும் ஐகோ கோப்பு லினக்ஸில் செல்லாது என்பதும் சேர, நான் மாறிவிட்டேன்.

பைசைடு6-இல் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ரிசோர்ஸ் முறை. எல்லாப் படங்களையும் ஒரு க்யூஆர்சி கோப்பில் பட்டியல் போட்டு, ஆர்சிசி கருவியிடம் கொடுத்தால் அவை ஒரு பைத்தான் கோப்பாக மாறி நிரலோடு கலந்துவிடுகின்றன. அப்புறம் முக்காற்புள்ளியில் தொடங்கும் பாதையைக் கொடுத்து ஏற்றினால் போதும். நிரல் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடினாலும் படம் வரும். முன்பு ‘ஐகான்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பாய் படம்’ என்று சார்புப் பாதையாக எழுதியிருந்தேன். என் மேஜையில் வேலை செய்யும், கடையில் ஷார்ட்கட் வேறு ஃபோல்டரிலிருந்து தொடங்கினால் வேலை செய்யாது. அந்தத் தொல்லை ஒரேயடியாகப் போனது. நாலு வருஷத்தில் ரிசோர்ஸிலிருந்து ஏற்றிய படம் ஒன்றுகூட எந்தக் கடையிலும் விட்டுப்போனதில்லை.

குறையும் உண்டு. படம் கிடைக்காவிட்டால், பைசைடு6-இல் ஐகானை ஏற்றும் க்யூஐகான் வாயே திறக்காது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. இல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டு ‘இது வெற்றா’ என்று இஸ்நல் மூலம் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்கிறது. கோப்புப் பெயர் ஒன்று இருந்தாலே அது வெற்று அல்ல என்பதுதான் அதன் விளக்கம்; ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இதை நம்பி ஒரு நாள் வீணானது. அந்த ஐகானிலிருந்து 16-க்கு 16 பிக்சல் அளவில் ஒரு பிக்ஸ்மேப் (பிக்சல் படம்) எடுத்து, அது வெற்றா என்று பார்ப்பதுதான் உறுதியான சோதனை. என் நிரல் இப்போது சோதனை ஓட்டத்தில் எல்லா ஐகான்களையும் இப்படி ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கும். எஸ்விஜி படம் (எந்த அளவுக்கும் மங்காமல் பெரிதாகும் வகை) வைக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்இ ஆக்கும்போது எஸ்விஜிக்கான செருகுநிரல்களும் கூடவே வரவில்லை என்றால், நம் கணினியில் தெரிந்ததெல்லாம் கடையில் வெற்றிடமாக நிற்கும்.

படம் வரைவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தமடைப் பட்டுப் பாயைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோரையை முடி மாதிரிக் கீறி நெய்திருப்பார்கள். அந்த நெசவையெல்லாம் 256 பிக்சலில் ஆசையாக வரைந்தேன். நன்றாக இருந்தது. அதையே 16-க்குச் சுருக்கினால் பச்சையும் மஞ்சளும் கலந்து அழுக்குத் துணி போல ஆனது. சுருக்கினால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு. 16 பிக்சலுக்கு நெசவே கிடையாது என்று முடிவு செய்து, பாய்ச்சுருளின் ஒரு வட்டம், ஓரத்தில் இரண்டு சிவப்புக் கோடு, அவ்வளவுதான் என்று கட்டம் கட்டமாகத் தனியே வரைந்தேன். உம்மாவிடம் காட்டினேன். “ஓரக்கரை இருக்குல்லா, அப்போ பாய்தான்” என்றார்.

முதலில் 16, 32, 48, 256 என நாலு அளவை மட்டும் ஒரே ஐகோ கோப்புக்குள் வைத்திருந்தேன். கல்லிடைக்குறிச்சிக் கடை அண்ணாச்சி புது லேப்டாப் வாங்கியதும், “தம்பி, உம்ம படம் மட்டும் மங்கலால்லா தெரியுது” என்றார். திரையில் எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு 125 சதவீதத்தில் இருந்தது. அங்கே 16-க்குப் பதில் 20 பிக்சல் வேண்டும். 150 சதவீதத்தில் 24. என்னிடம் அவை இல்லாததால் விண்டோஸ் இருப்பதை இழுத்தும் குறுக்கியும் காட்டியிருக்கிறது. 20, 24, 40 மூன்றையும் சேர்த்ததும் தெளிந்தது. சி மொழியில் விண்டோஸ் நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே சங்கதி வேறு உருவில் வரும்: லோட்ஐகான் என்ற ஃபங்ஷன் ஒரே ஒரு நிலையான அளவைத்தான் ஏற்றும். சின்ன ஐகானுக்கு லோட்இமேஜில் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஐகானை மாற்றிய பிறகும் பழையதே தெரிந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் ஐகான்களை ஒரு கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) சேமித்து வைத்திருக்கிறது. ஐஇ4யுஇனிட் என்ற கட்டளையை ‘ஷோ’ விருப்பத்தோடு ஓட்டினால் பெரும்பாலும் புதுப்பித்துக்கொள்கிறது. இது தெரியாத காலத்தில் சரியாக இருந்த ஐகோ கோப்பை மூன்று முறை திரும்பச் செய்திருக்கிறேன்.

சரி, லினக்ஸ். அரிசி ஆலையில் பில் போடுவது பழைய லேப்டாப்பில். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது. அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். இங்கே ஐகானை ஏற்றுவதை விட நிறுவுவதுதான் முக்கியம். எந்தத் தீமிலும் (ஒரே பாணியிலான ஐகான்களின் தொகுப்பு) கிடைக்காத ஐகானை லினக்ஸ் கடைசியாகத் தேடும் இடம் ஹைகலர் என்ற பொதுத் தொகுப்பு. யுஎஸ்ஆர், ஷேர், ஐகான்ஸ், ஹைகலர் என்று இறங்கி, 48x48 ஃபோல்டருக்குள் ஆப்ஸ் என்ற இடத்தில் பிஎன்ஜி படத்தை வைக்க வேண்டும். எஸ்விஜி என்றால் ஸ்கேலபிள் ஃபோல்டர். எக்ஸ்டிஜி-ஐகான்-ரிசோர்ஸ் கருவியிடம் அளவைச் சொல்லிக் கொடுத்தால் அதுவே இடம் பார்த்து வைத்துவிடும். ஆனால் படத்தின் பெயருக்கு முன்னால் நம் அடையாளமாக ஒரு முன்னொட்டும் கோடும் இல்லாவிட்டால் வாங்க மறுக்கும். அந்தக் கண்டிப்பு நல்லதுதான். ‘பில்’ என்று பெயர் வைத்தால் இன்னொருவரின் ‘பில்’ வந்து மேலே உட்காராதா?

லினக்ஸ் மெனுவுக்கு நிரலை அறிமுகப்படுத்தும் டெஸ்க்டாப் கோப்பில் ஐகான் என்ற வரியில் பெயர் மட்டும் எழுத வேண்டும், பிஎன்ஜி என்ற வால் வேண்டாம். பாதையும் வேண்டாம். பெயரை மட்டும் கொடுத்தால், எந்த அளவு வேண்டுமோ அதைக் கணினியே தேடி எடுத்துக்கொள்ளும். படத்தை மாற்றியும் தெரியவில்லை என்றால் ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ் ஓட்டிப் பாருங்கள். இங்கேயும் கேஷ் உண்டு.

உபுண்டு என்ற லினக்ஸின் 22.04 பதிப்புக்கு அந்த லேப்டாப்பை உயர்த்தியபோது இன்னொரு பாடம் கிடைத்தது. மெனுவில் ஐகான் வருகிறது, நிரலைத் திறந்ததும் கீழ்ப்பட்டையில் யாருடையதோ என்று சொல்லும்படி பொதுவான ஒரு படம். அங்கே திரையில் ஜன்னல்களைக் காட்டுவது வேலண்ட் என்ற அமைப்பு. நிரல் கொடுக்கும் ஜன்னல் ஐகானை அது கண்டுகொள்ளவில்லை. ஓடும் ஜன்னல் எந்த டெஸ்க்டாப் கோப்புக்குச் சொந்தம் என்று பார்த்து, அதிலுள்ள ஐகானைத்தான் காட்டுகிறது. செட்டெஸ்க்டாப்ஃபைல்நேம் என்ற ஒரே வரியில் கோப்பின் பெயரைச் சொன்னதும் சரியானது. ஒரு வரிக்காக இரண்டு முறை சேரன்மகாதேவி போய் வந்தேன்.

அச்சிடு, சேமி போன்ற பொது ஐகான்களுக்கு க்யூஐகானின் ஃப்ரம்தீம் வசதி அருமை. லினக்ஸில் அவரவர் தீமுக்கு ஏற்ற படம் வரும். விண்டோஸில் நெடுங்காலம் அது வெறுங்கையோடுதான் திரும்பியது, பைசைடு6-க்கு அடிப்படையான க்யூட்டியின் 6.7 பதிப்பில்தான் கணினியின் சொந்த ஐகான்களை எடுக்கக் கற்றுக்கொண்டது. இப்போதும் நான் ஒவ்வொன்றுக்கும் ரிசோர்ஸிலிருந்து ஒரு மாற்றுப் படத்தைக் கூடவே கொடுக்கிறேன். அதை யாரும் விட்டுவிடக் கூடாது என்பேன்.

ஜன்னலுக்குள் தெரியும் படங்களுக்குப் பைசைடு6-ஐத் தயங்காமல் சொல்வேன். ஜன்னலுக்கு வெளியே தெரியும் படம் எந்தக் கருவியின் பொறுப்பும் அல்ல, நம் பொறுப்பு. எக்ஸ்இ, ஷார்ட்கட், டெஸ்க்டாப் கோப்பு என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும். கடையை விட்டுக் கிளம்புமுன் கணினியை அணைத்துப் போட்டு, முதலாளியை அல்ல, பில் போடுகிறவரைக் கூப்பிட்டு நிரலைத் திறக்கச் சொல்கிறேன். அவர் கை தயங்காமல் போனால் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வருகிறேன்.

இன்னும் முடியாதது கறுப்புப் பின்னணி. அப்பளக்கடை அண்ணாச்சி கண் கூசுகிறது என்று எல்லாவற்றையும் கறுப்பாக்கி வைத்திருக்கிறார். அதில் கருவிப்பட்டையின் கறுப்புக் கோட்டுப் படங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. வெளிர் நிறத்தில் இரண்டாவது தொகுப்பு ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். 31 படங்களில் 12 முடிந்திருக்கிறது.